ஈரம் நின்ற கோடு

உடுப்பிட்டிச் சந்தியைக் கடக்கும்போது காலை ஐந்தரை. தேத்தண்ணிக் கடையொன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. நான் தேடிப் போன பெற்றோல் செட்டில் பம்புகளின் மேல் இன்னும் சாக்குத் துணி கிடந்தது. டிப் பார்க்கிற அண்ணை எனக்கு முன்பே வந்து, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். தன் பெயரையும் செட்டின் பெயரையும் எழுத வேண்டாமென்று கேட்டார். எழுதவில்லை.

"ஃபோனை மேசையில வைச்சிட்டு வாங்கோ தம்பி. வாசம் கிளம்பிற இடத்துக்கு அது வேண்டாம்."

முற்றத்தில் சீமெந்துக்குள் பதித்த வட்ட மூடிகள் மூன்று: பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய் தாங்கியின் அடிவரை இறங்குகிறது. மனிதர் இறங்கிப் பார்க்க முடியாத இருட்டு அது. உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று சொல்ல ஒரு கோல்தான் இருக்கிறது. டிப் ஸ்ரிக் என்பார்கள். மில்லிமீற்றர் கோடுகள் வெட்டிய நீளக் கோல். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் அதன் நுனியில் பித்தளைக் குப்பி.

பெற்றோல் கோலில் நிற்பதில்லை. வெளியே எடுத்த கணத்திலேயே ஈரம் காற்றோடு போய்விடும். கோடு எங்கே முடிந்தது என்று கண் தேடுவதற்குள் கோல் காய்ந்திருக்கும். அதனால் நேற்றைய அளவை நினைவில் வைத்து, அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விரலால் பேஸ்ற் பூசுகிறார். பெற்றோல் பட்ட இடத்தில் பேஸ்றின் நிறம் மாறி, கோடு அப்படியே நிற்கும். நுனியில் பூசுவது வேறு பேஸ்ற். அது பெற்றோலுக்கு அசையாது. தண்ணீர் பட்டால் மட்டும் சிவக்கும். தண்ணீர் பாரமானது, தாங்கியின் அடியில் போய் நிற்கும். நுனி சிவந்தால் அன்றைக்கு விற்பனை நிற்கும்.

கோலை அவர் போடவில்லை, இறக்கினார். அடி தட்டியதும் ஒரு மூச்சு விடும் நேரம் வைத்திருந்து நேராக உயர்த்தினார். வேகமாக விட்டால் பெற்றோல் தெறித்துக் கோடு உயர்ந்து காட்டும். சரித்து விட்டாலும் கூடுதலாகவே காட்டும். மூன்று முறை இறக்கினார். 96.5, 96.4, 96.5. நுனியில் சிவப்பு இல்லை.

"தொண்ணூற்றாறு தசம் ஐந்து. பிள்ளை, எழுதம்மா."

கணக்கெழுதும் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர். மேசைக் கண்ணாடியின் கீழ் டிப் சாட் இருக்கிறது. எத்தனை சென்ரிமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்ற அட்டவணை. 96.5 க்கு நேரே 6,453. நேற்றுக் காலை 112.0, அதற்கு 7,784. குறைந்தது 1,331 லீற்றர். பம்ப் மீற்றர்களின்படி நேற்று விற்றது 1,326. ஐந்து லீற்றர் குறைவு.

ஐந்து லீற்றர் எங்கே போனது என்று நான் உடனே கேட்டேன். அந்தப் பிள்ளை பதற்றமில்லாமல் ஒரு கடதாசியில் வட்டம் கீறினார்.

தாங்கி பெரிய உருளை, படுக்க வைத்திருக்கிறது. குறுக்களவு 2 மீற்றர், நீளம் 4.3 மீற்றர், கொள்ளளவு ஏறத்தாழ 13,500 லீற்றர். நிமிர்த்தி வைத்த உருளையென்றால் பாதி உயரம் பாதி எண்ணெய், கால் உயரம் கால் எண்ணெய். படுத்த உருளையில் பாதிக்கு மட்டும்தான் அது சரிவரும். கோலில் 50 சென்ரிமீற்றர் நின்றால் புதிதாக வந்த பையன் கால் தாங்கி என்று எண்ணி 3,375 சொல்லுவான். உண்மையில் நிற்பது 2,640 அளவில். அடிமட்டத்தில் பத்து சென்ரிமீற்றர் என்றால் வெறும் 252 லீற்றர். வட்டம் அங்கே ஒடுங்கியிருக்கிறது, நடுவில் விரிந்திருக்கிறது. நடுவயிற்றில் கோலின் ஒரு சென்ரிமீற்றர் 86 லீற்றர். ஒரு மில்லிமீற்றர் எட்டரை லீற்றருக்கும் சற்று மேல்.

"அப்ப அஞ்சு லீற்றர் எண்டது கோலின்ர ஒரு கோட்டுக்கும் குறைவு" என்றார் அவர். "ஒருநாள் வித்தியாசத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது அண்ணா."

இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1613 இல் லின்ஸ் நகரில் தன் இரண்டாவது திருமணத்துக்கு வைன் வாங்கிய யோகான்னஸ் கெப்ளர், வியாபாரி பீப்பாயின் துளைக்குள் சாய்வாக ஒரு கோலை விட்டு, நனைந்த நீளத்தை மட்டும் பார்த்து விலை சொன்னதைக் கண்டு திகைத்தார். பீப்பாயின் வடிவம் எதுவானாலும் அதே கோல், அதே கணக்கு. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவதைக் கண்டுபிடித்த மனிதர், பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி 1615 இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பொருளை மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கூட்டி அளக்கும் அவருடைய வழி, பின்னால் வந்த தொகையீட்டுக் கணிதத்துக்கு ஒரு படி. மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கும் டிப் சாட்டின் ஒவ்வொரு வரியும் அப்படி வெட்டிக் கூட்டியதுதான்.

ஏழு மணிக்கு வாகனங்கள் வரத் தொடங்கின. வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் ஒருவர் மண்ணெண்ணெய்க் கானோடு நின்றார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் கடற்றொழிலாளர்களும் மறக்கவில்லை. கானில் கழுத்துவரை நிரம்புகிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் குனிதலை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஒரு போத்தலில் இருந்தது. அம்மா கொப்பித்தாளில் ஒரு கீலம் வெட்டி, சோற்றுப் பசையால் போத்தலின் வெளியே நெடுக ஒட்டியிருந்தார். இரவு விளக்கை அணைத்த பிறகு எண்ணெய் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி கூடினால் அடுத்த நாள் எங்கள் படிப்பு நேரம் குறையும். விளக்கென்பது ஒரு ஜாம் போத்தல்: அடியில் பஞ்சு, அதில் ஊறுமளவு எண்ணெய், மேலே மெல்லிய திரி. அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதை ஊசிச் சிரிஞ்சில் இழுத்துக் காபரேற்றருக்குள் விடுவார். பெற்றோலை மில்லிலீற்றரில் அளந்த வீடுகள் எங்கள் தெருவில் எல்லாமே.

இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் 2022 க்குப் போனார். நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசை நின்ற ஆண்டு. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர் என்று பங்கு வைத்தார்கள்.

"ராத்திரியே வந்து சனம் சைக்கிளுகளை வரிசையில விட்டிட்டுப் படுக்குது. விடிய நான் டிப் பாக்கிறன், முப்பது சென்ரிமீற்றர். சாட்டில 1,271. அடியில பத்து சென்ரிமீற்றர் பம்ப் உறிஞ்சாது, அது 252. மிச்சம் 1,019 லீற்றர். நாலு நாலாய்க் குடுத்தால் 254 மோட்டார் சைக்கிள். அடிமட்டத்தில கோல் கொஞ்சம் பொய் சொல்லும். நான் 240 ஓட நிப்பாட்டினன்."

நிறுத்தியது எப்படி என்று கேட்டேன்.

"வரிசையில நடந்தன். ஒண்டு, ரெண்டு எண்டு ஒவ்வொரு சைக்கிளாய்த் தொட்டு எண்ணிக்கொண்டு போனன். இருநூற்றி நாற்பத்தோராவது ஆள், எங்கட ஊர்ப் பெடியன்தான், மடியில பிள்ளையோட நிண்டவன். தம்பி, உனக்குக் கிடையாது, வெயில் ஏற முன்னம் வீட்டை போ எண்டு சொன்னன். பேசினவன். பேசட்டும். பின்னேரம் மட்டும் நிண்டு இல்லையெண்டு போறதிலும் பாக்க அது நல்லம்."

அவர் குரல் அந்த இடத்தில் தாழ்ந்தது. சாட்டில் இருக்கும் எண் எனக்கு அதுவரை எண்ணாகத்தான் இருந்தது. தாங்கியின் அடியில் நிற்கும் முப்பது சென்ரிமீற்றரை ஒரு தெரு முழுக்க நடந்து மனிதர்களிடம் கொடுத்த வேலையை நான் யோசித்துப் பார்த்ததேயில்லை. அன்றைக்கு 240 பேருக்கும் கொடுத்து முடிந்ததாம். அதற்கு மேலும் சில பேருக்கு வந்ததாம். அந்தப் பையன் அதற்குள் போய்விட்டான்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. மிதவையும் உணர்கருவியும் பொருத்திய தாங்கிகள் இப்போது பல செட்டுகளில் உண்டு. திரையைப் பார்த்தால் உயரமும் வெப்பநிலையும் தண்ணீரும் தெரியும். நல்ல கருவி, மில்லிமீற்றரிலும் நுணுக்கமாகக் காட்டும். ஆனால் திரை இருட்டாகக் கிடந்த நாட்களில் இருப்பைச் சொன்னது கோல்தான். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் இன்றைக்கும் கோலைக் கொண்டுதான்.

பவுசர் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பெற்றோல் 6,600 லீற்றர். காலையில் நின்றது 6,453. கூட்டினால் 13,053. தாங்கியின் கொள்ளளவுக்குள் அடங்கும் என்று நான் நினைத்தேன். அண்ணை இல்லையென்று தலையாட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நிரப்பக்கூடாது. அதாவது 12,830 அளவில் நிறுத்த வேண்டும். பவுசர் வருமுன் இன்னும் இருநூற்றுச் சொச்சம் லீற்றர் விற்க வேண்டும். இறக்கும்போது நிரம்பி வழிந்தால் போகும் இடம் மண்.

வந்த பவுசரைச் சமதரையில் நிறுத்தி, மண்வயரைக் கொழுவினார்கள். ஓடி வந்த எண்ணெய் அலையடங்கப் பத்து நிமிடம். சீல்களைப் பார்த்த பிறகு, பவுசரின் ஒவ்வொரு அறைக்கும் உரிய கோலை விட்டு அளந்தார்கள். தாங்கியை மீண்டும் டிப் பார்த்தார்கள்: 6,120. பம்பை நிறுத்தி, குழாயை மாட்டி இறக்கினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு கோல் 178.0 காட்டியது. சாட்டில் 12,700. வர வேண்டியது 12,720.

இருபது லீற்றர் குறைவு. சாரதி முகத்தை நான் பார்த்தேன். அண்ணை வெயிலைப் பார்த்தார். பெற்றோல் வெப்பத்துக்கு விரியும். ஒரு பாகை குறைந்தால் ஆயிரம் லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் சுருங்கும். வெகுதூரம் வெயிலில் வந்த 6,600 லீற்றர், நிலத்தின் கீழ்க் குளிர்ந்த தாங்கிக்குள் மூன்று பாகை இறங்கினாலே இருபது லீற்றர் கணக்கில் காணாமல் போகும். ஒருவரும் எடுக்கவில்லை. இது தெரியாத இடங்களில் சாரதிகள் கள்ளப்பட்டம் சுமக்கிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாரதி தேத்தண்ணி குடிக்கப் போனார்.

மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்தபோது அந்தப் பிள்ளை பழைய ஸ்ரொக் புத்தகங்களை எடுத்து வைத்தார். சிவப்புப் பேனையால் ஒரு நிரல்: நாளாந்த வித்தியாசம். மூன்று கூட, இரண்டு குறைய, ஐந்து குறைய, நாலு கூட. அதன் பக்கத்தில் இன்னொரு நிரல், அது மாதத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு விளங்கிக்கொண்டேன். கோலின் பிழை ஒருநாள் கூட்டும், ஒருநாள் குறைக்கும். கூட்டிக்கொண்டு போனால் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். தாங்கியோ குழாயோ ஒழுகினால் ஒவ்வொரு நாளும் கீழ்நோக்கியே இழுக்கும். நாளுக்கு நாலு லீற்றர் ஒழுக்கைக் கோலால் ஒருபோதும் காண முடியாது. புத்தகம் மூன்று கிழமையில் காட்டிவிடும்.

"நான் முந்தி வேலை செய்த இடத்தில அப்பிடித்தான் கண்டது" என்றார் அண்ணை. "ஒவ்வொரு நாளும் நாலு, அஞ்சு குறையும். ஆவியாய்ப் போகுது எண்டு எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தவை. இருபத்திரண்டாம் நாள் நான் பிடிவாதமாய் நிண்டு கிண்டுவிச்சன். குழாய் மூட்டில கசிவு. மண் முழுக்க வாசம்."

பக்கத்தில் வீடுகள் இருந்தனவா என்று கேட்டேன். ஆறு கிணறுகள் என்றார். எண்ணி வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் மழை விட்டுப்போனது. உவர்நீரின் மேல் மெல்லிய படுக்கையாக மிதப்பது. அந்தக் கல்லுக்குள் ஒருமுறை எண்ணெய் இறங்கினால் அது எந்த வெடிப்பு வழியே எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, சனம் வாசலில் கிணறு இருக்கப் பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அங்கே வந்தது நிலத்தில் விட்ட கழிவெண்ணெய், செட்டுத் தாங்கியின் கசிவு இல்லை. கல்லுக்கு அந்த வேறுபாடு கிடையாது.

மாரியில் இன்னொரு பயம். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மட்டம் உயரும்போது, வெறுமையாகக் கிடக்கும் தாங்கியை அது மேலே தள்ளும். 13,500 லீற்றர்த் தாங்கி நீருக்குள் முழுதும் அமிழ்ந்தால் பதின்மூன்று தொன்னுக்கு மேல் உந்தல். கட்டிப் புதைத்த பட்டிகள் அதற்காகத்தான். ஆனாலும் அந்த மாதங்களில் தாங்கியை வற்றவிட அண்ணைக்கு மனம் வராது. காலையில் நுனியில் பேஸ்ற் பூசும்போது மற்ற மாதங்களை விடத் தடிப்பாகவே பூசுவாராம்.

நாற்பது வருடமாக மில்லிமீற்றர் பார்த்த கண்ணுக்கு இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது. பேஸ்றும் பெற்றோலும் பட்ட விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. கையுறை போட்டால் கோல் அடியில் தட்டுவது விரலுக்குத் தெரியாது என்கிறார். பெற்றோல் ஆவியைக் காலையும் மாலையும் குனிந்து சுவாசிக்கிறவர்களுக்கு உரிய முகக்கவசமும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும் என்பது என் எண்ணம். அவர் இதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

பின்னேரம் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனோம். வாளியை விட்டு அள்ளி எனக்கு ஊற்றிய பிறகு, கயிற்றில் ஈரம் ஏறிய இடத்தை விரலால் பிடித்து, அங்கிருந்து முடிச்சுவரை முழம் போட்டார்.

"போன கிழமையிலும் பாக்க அரை முழம் இறங்கியிருக்கு" என்றார், உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்த மனைவியிடம். மனைவி போய் அடுப்படிச் சுவரில், கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே எழுதினார்.