நடையும் சப்பாத்தும்

தமிழிலே 'நடை' என்னுஞ் சொல் இருபொருள் தருவது. சொற்களை நடத்துவதும் நடை. காலினால் நடப்பதும் நடை. முன்னையதனையே இதுகாறும் கற்பித்துவந்த நாம் பின்னையதனைப் பற்றியும் எண்ண நேர்ந்தது பழைய மாணவர் ஒருவரின் அன்பினாலாகும். ரொறன்ரோ நகரில் வாழும் அவர், சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது, கணுக்காலை மூடும் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடியை எமக்களித்து, "சேர், இதனைப் போட்டாற் பத்து வயது குறையும்" என்றார்.

அச்சப்பாத்தின் வரலாறு சுவையுடையது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1908இல் தோன்றிய கொன்வேர்ஸ் நிறுவனம் 1917இல் வெளியிட்ட அச்சப்பாத்து பிற்பாடு 'ஓல் ஸ்ரார்' என்னும் பெயரைப் பெற்றது. கூடைப்பந்தாட்டக்காரரும் விற்பனையாளருமாகிய சக் ரெயிலரின் பெயர் பின்னர் அதன் நட்சத்திர இலச்சினையிற் பொறிக்கப்பட்டது. உயரம் கணுக்காலின் காப்புக்காகவும், இறப்பர் அடி வழுக்காமைக்காகவும் அமைந்தன. தோற் சப்பாத்துக்கள் வந்து ஆடுகளத்தைக் கைப்பற்றியபின், பயன் நீங்கிற்று. வடிவு தெருவிலே நிலைத்தது.

நாமும் அணிந்து பார்த்தோம். கண்ணாடி குறை கூறவில்லை. ஐந்து பாடவேளை சீமெந்துத் தரையில் நின்றபின் குதிகால் குறை கூறிற்று. அடி தட்டையானது, உள்வளைவைத் தாங்க அதில் ஏதுமில்லை எனலாம். கோயில் வாசலிலோ, கயிற்றை அவிழ்த்து முடிக்குமுன் பூசை முடிந்துவிடும்!

2015இல் அந்நிறுவனமே மெத்தென்ற உள்ளடி வைத்துப் புதிய வகையொன்றை வெளியிட்டது. சுகம் கூடியிருந்தும் மக்கள் பழையதனையே நாடினர். சில ஆண்டுகளில் புதியது மறைந்தது. இதனை மடமையென்று தள்ளலாகாது. மனிதன் காலுக்காக மட்டும் சப்பாத்து அணிவதில்லை.

சென்ற தவணையில் எம் மாணவன் ஒருவன் அத்தகைய சப்பாத்துடன் மாலை வகுப்புக்கு நொண்டி வந்தான். விலையைக் கேட்டோம். அவன் தந்தையார் பல இரவுகள் கடலில் உழைத்த பணம் அது. காலிலே கொப்புளங் கண்டிருந்தது. எனினும், "கழற்று" என்று கூற எமக்கு மனமெழவில்லை. தோழர் நடுவே தலைநிமிர்ந்து நிற்க விரும்புவதும் ஒரு தேவையன்றோ? மேலிரு துளைகளில் கயிற்றைத் தளர்த்துமாறும், தடித்த காலுறை அணியுமாறும், தூர நடைக்கு வேறு சப்பாத்துக் கொள்ளுமாறும் கூறினோம். மறுவாரம் நேராக நடந்து வந்தான், சப்பாத்து அதுவே.

மாணவர்காள்! அழகை வெறுக்க வேண்டுவதில்லை. வாங்குமுன் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இதனை அணிந்து எவ்வளவு தூரம் நடப்பேன்? இதற்காக யார் எவ்வளவு நடந்தார்? இரண்டுக்கும் கூசாது விடையிறுக்க இயலுமாயின், மகிழ்ந்து அணியுங்கள். எமது சோடி இப்பொழுது விழா நாட்களுக்கென வைக்கப்பட்டுள்ளது. நிறைவிழாவன்று அதனுடனேயே பழைய மாணவரை வரவேற்போம். நாற்காலி ஒன்று மட்டும் அருகே இருத்தல் வேண்டும்.