மேடு பள்ளத்தின் மேல் புல் விதைத்த கதை

புல்வெளி போடுவதைப் பற்றிய நீண்ட பதிவு இது. டாக்டருக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சம்பந்தம் இருக்கு.

டெல்டா பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் எங்கள் கேட். கேட்டுக்கும் ஓபி கட்டடத்துக்கும் நடுவில் ஒரு காலி இடம். 40 அடி நீளம், 25 அடி அகலம் இருக்கும். சுற்றிப் போக சிமென்ட் பாதை உண்டு. ஆனா எல்லோரும் குறுக்கேதான் நடப்பார்கள். நானும்தான்.

அந்தத் தரை முழுக்க மேடும் பள்ளமும். மழை பெய்தால் குட்டை. வெயில் காலத்தில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

இரண்டு வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அதைச் சரி பண்ணுவது என் வேலை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு பாட்டி அங்கே விழுந்தார்.

72 வயது. சுகருக்கும் பிபிக்கும் மாதாமாதம் வருபவர். "அடுத்த தடவை வெறும் வயித்தோட வாங்கம்மா, ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பியது நான். சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எந்த டாக்டருக்கும் தெரிந்துவிடும். இடுப்பு மூட்டுப் பக்கம் தொடை எலும்பு முறிந்திருக்கிறது.

108-ல் ஏற்றும்போது பாட்டி சொன்னது: "என் கண்ணுதான் தம்பி சரியில்ல. மண்ணு மேல தப்பில்ல."

பெரிய ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பாதி இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்த வயதில் இடுப்பு முறிந்த பலர் பழையபடி நடப்பதில்லை. அது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

சமதரையில் நடக்கும்போது நம் கால் கட்டைவிரல் தரையை விட்டு எவ்வளவு உயரத்தில் முன்னே போகிறது தெரியுமா? 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். வயதானவர்களில் பலர் அந்த அளவுகூடத் தூக்காமல் காலை இழுத்து நடப்பார்கள்.

பெரிய பள்ளத்தைக் கண் பார்த்துவிடும், கால் சுற்றிப் போய்விடும். ஆளைக் கவிழ்ப்பது ஓர் அங்குல மேடுதான்.

சரி, தரையைச் சரி பண்ணிடலாம்னு இறங்கினேன். மேலே அனுமதி கேட்டேன், கிடைத்தது. கைக்காசு போட்டு இரண்டு டிராக்டர் லோடு மண் இறக்கினேன். ஜேசிபி அண்ணன் ஒருவர் அரை மணி நேரத்தில் மேலாகப் பரப்பிக் கொடுத்தார். பார்க்க மட்டமாக இருந்தது. அடுத்த நாளே அருகம்புல் விதை வாங்கித் தூவிவிட்டேன். போட்டோ கூடப் போட்டேன். நிறைய லைக்.

ஐப்பசி மழை வந்தது.

மண் அங்கங்கே உள்வாங்கியது. பழைய பள்ளங்கள் எல்லாம் அதே இடத்தில் மறுபடி வந்தன. விதையெல்லாம் தண்ணீரோடு ஓடிப் பள்ளத்தில் சேர்ந்து, அங்கே மட்டும் புல் அடர்த்தியாக முளைத்தது. மேடெல்லாம் மொட்டை.

ஒருநாள் ராத்திரி பிரசவ கேஸுக்குக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடி வந்தேன். பச்சையாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தேன். கணுக்கால் பிசகியது.

அப்போதுதான் உறைத்தது. முன்னாடி பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அதன் மேல் புல்லைப் போர்த்தி மறைத்து வைத்திருக்கிறேன். பாட்டி விழுந்த இடத்தை முன்னைவிட ஆபத்தாக ஆக்கியது நான்.

பாட்டிக்கு மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. கார்த்திகையில் பாட்டியின் வீட்டுக்காரர் தன் பிபியைப் பார்க்க வந்தார். ஆயுசு முழுக்க வயல் வேலை பார்த்தவர். வெளியே நின்று என் புல்வெளியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பள்ளம் எதனால வந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. காய்ச்சல்னு வருபவருக்குக் காரணம் தேடாமல் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பினால் நானே திட்டுவேன். தரைக்கு அதைத்தான் செய்திருந்தேன்.

பொங்கல் முடிந்து மழை ஓய்ந்ததும் தாத்தா வந்தார். கூலி வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைக்கவே ஒரு வாரம் ஆனது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டு முன்னால் புல் போட நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நாள் மண்வெட்டியைத் தொடவே இல்லை. கடப்பாரையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். மூன்று காரணம் கிடைத்தது. ஓர் இடத்தில் எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை உள்ளே மக்கிக்கொண்டிருந்தது. இன்னோர் இடம் தண்ணீர்க் குழாய் பதித்து, சரியாக மூடாமல் விட்ட குழி. சுவரோரம் பெருச்சாளி வளை.

மக்கின கட்டையைத் தோண்டி எடுத்தோம். வளையை வெட்டித் திறந்து, கல்லும் மண்ணும் போட்டு இடித்து அடைத்தோம். சீழை வெளியேற்றாமல் மேல்தோலை மட்டும் தைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் நான் முதல் தடவை செய்தது.

அடுத்தது கோரை. இழுத்தால் மேலே இருப்பது மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். கொத்திவிட்டுக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கினோம். கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் நிறைய வந்தன.

இங்கே டாக்டராக ஒரு வார்த்தை. மண் வேலைக்கு வெறுங்காலோடு இறங்காதீர்கள். பூட்ஸும் கையுறையும் போடுங்கள். வளைக்குள் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு வழித்து ஓரமாகக் குவித்தோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டால் முடிஞ்சதுன்னு நான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் மேடு இருந்த இடத்தில் சத்தில்லாத அடிமண் வெளியே வந்துவிடும். அங்கே புல் பிடிக்காது. அடிமண்ணை முதலில் மட்டம் பண்ணிவிட்டு, மேல்மண்ணைத் திரும்ப மேலேயே போட வேண்டும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் ஒருவர் டியூப் லெவல் கொண்டு வந்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு தப்பும். டிரிப் செட்டில் குமிழி தேடிப் பழகிய கண் எனக்கு, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முளைக்குச்சி அடித்து, மட்டத்தைக் குறித்து, நூல் கட்டினோம்.

ஒரேயடியாக மட்டமாகவும் இருக்கக் கூடாது. தண்ணீர் கட்டடத்தை விட்டு விலகி ஓட வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வைத்தோம். கட்டடத்தோரம் இருந்த குச்சியைவிட 25 அடி தள்ளி இருந்த குச்சி 5 அங்குலம் தாழ்வு. கண்ணுக்குச் சரிவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். தேங்கின தண்ணீர் ஒரு வாரம் பத்து நாள் நின்றால் போதும், கொசு பறக்க ஆரம்பித்துவிடும்.

ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பவில்லை. நாலு அங்குலம் மண், தண்ணீர், இடிப்பு. மறுபடி நாலு அங்குலம். நன்றாக மக்கிய தொழு உரமும் மணலும் மேல்மண்ணோடு கலந்து பரப்பினோம். பச்சைச் சாணம் போடக் கூடாது என்றார் தாத்தா, களை விதையும் கூடவே வரும்.

மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தார். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் அன்று வேலை கிடையாது. களிமண்ணை ஈரத்தில் மிதித்தால் காய்ந்ததும் கல்லாகிவிடும்.

கடைசியில் பரம்புப் பலகை. நாற்று நடும் முன் வயலை மட்டம் பண்ண இழுப்பார்களே, அதேதான். நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை. பலகை மேட்டை வழித்துத் தானே பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

தரை அழகாக இருந்தது. "நாளைக்கு விதைச்சிடலாமா தாத்தா?" என்றேன்.

"மூணு வாரம் சும்மா கிடக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அசையவில்லை. நாளாவட்டம் தண்ணீர் மட்டும் தெளித்தோம். மண் படிந்தது. எங்கே தண்ணீர் நின்றதோ அங்கே ஒரு கூடை மண் போட்டுப் பரம்பு இழுத்தோம். இதற்குள் களை முளைத்தது. மேலாகச் சுரண்டி எடுத்தோம். பத்து நாளில் இரண்டாம் தடவை முளைத்தது, அதையும் எடுத்தோம். விதை போட்ட பிறகு அவ்வளவு களையும் முளைத்திருந்தால் பிஞ்சுப் புல்லோடு சேர்த்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும்.

பிறகு நடந்து பார்த்தோம். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் புதையவில்லை. "இப்ப போடலாம்" என்றார்.

மாசி கடைசியில் விதைத்தோம். 1000 சதுர அடிக்கு அரை முதல் ஒரு கிலோ விதை போதும். ரொம்பப் பொடியான விதை, மணலோடு கலந்தால்தான் சீராக விழும். பாதி நெடுக்காக, பாதி குறுக்காகத் தூவி, கால் அங்குலத்துக்கு மேல் மூடாமல் லேசாக அமுக்கிவிட்டோம். மண் காயாதபடி பூவாளியால் தினமும் இரண்டு மூன்று தடவை தெளித்தோம். பத்தாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை.

ஜனங்கள் எப்படியும் குறுக்கேதான் நடப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அதனால் பழைய நடைத்தடத்திலேயே 4 அடி அகலத்தில் பாதை போட்டோம். பாதையும் பக்கத்து மண்ணும் ஒரே மட்டம், ஓரத்தில் அரை அங்குலம் கூடத் தட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மற்ற இடத்தைக் கயிறு கட்டி இரண்டு மாதம் மூடி வைத்தோம்.

போன வாரம் பாட்டி வந்தார். வாக்கர் வைத்து, தாத்தா துணையோடு, கேட்டிலிருந்து ஓபி வரை தானே நடந்தார். நான் சேரை விட்டு எழுந்து ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

பாதி வழியில் நின்றார். பாதையை விட்டு வாக்கரின் ஒரு காலைப் புல் மேல் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

உள்ளே வந்ததும் முதல் வார்த்தை: "தம்பி, அந்தக் கொடிக்கம்பத்துக்கிட்ட இன்னும் ஒரு கூடை மண்ணு போடணும்."

சாயங்காலம் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டு வாசலிலும் கேட்டோரத்திலும் தினமும் தாண்டிப் போகும் மேடு பள்ளம் ஒன்று கட்டாயம் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பாருங்கள். பூச்செடி, புல், டைல்ஸ் எதுவானாலும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் மண்ணை மட்டம் பண்ணுங்கள்.