முதல் பிழையைத் தேடுங்கள்

தியானப் பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 2:1-7



பொறியியல் பயிலும் நம் வாலிபர் பலர், வீட்டுக் கணினியில் மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு நிரல் எழுதுகிறார்கள். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள அட்மெகா328பி சில்லு அவற்றில் ஒன்று. நிரலுக்கென அதில் 32 கிலோபைட் இடமே உண்டு. மாணவர் எழுதும் நிரலை ஏவிஆர்-ஜிசிசி என்னும் கம்பைலர் சில்லுக்குரிய மொழியாக மாற்றுகிறது. லிங்கர் அதன் பகுதிகளை இணைக்கிறது. ஏவிஆர்டூட் அதைச் சில்லில் பதிக்கிறது. இவற்றை வரிசை தவறாமல் நடத்துவது ‘மேக்’ என்னும் கருவி.

வேலை தடைப்பட்டால் திரை முழுவதும் பிழைச் செய்திகள் நிரம்பும். கடைசி வரியில் ‘எரர் 1’ என்று மேக் அறிவிக்கும். கண் முதலில் விழுவது அதன்மேல்தான். ஆனால் அந்த வரி, வேலை நின்றுவிட்டது என்பதைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. அனுபவமுள்ளவர் திரையை மேலே நகர்த்தி, முதல் பிழையைத் தேடுவார்.

அங்கும் கவனம் தேவை. ஒரு ஹெடர் கோப்பின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், பெரும்பாலும் கம்பைலர் அடுத்து வாசிக்கும் கோப்பில்தான் தடுமாறும். குற்றமற்ற அந்தக் கோப்பின் பெயரே திரையில் தோன்றும். அதை நம்பி மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுகிறவர்கள் உண்டு. கேபிளை மாற்றுகிறவர்களும் உண்டு. கம்பைலர் பொய் சொல்லவில்லை. பிழை வெளிப்பட்ட இடத்தை அது காட்டுகிறது. பிழை பிறந்த இடம் அதற்குச் சற்று முன்னே இருக்கிறது.

பிரியமானவர்களே, நம் வீடுகளிலும் இப்படி நடக்கிறதல்லவா? “மகன் எதிர்த்துப் பேசுகிறான், ஐயா, அவனுக்காக ஜெபியுங்கள்” என்று ஒரு தகப்பன் கேட்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் மகன் எதிர்த்துப் பேசிய நாளுக்கு முன்பு, அவன் பேச வந்தும் கேட்க ஒருவரும் இல்லாத நாட்கள் எத்தனை இருந்தனவோ! பிழை வெளிப்பட்ட இடத்தில் நிற்பதால் முழுப் பழியும் அவன்மேல் விழுகிறது. பழிக்குப் பழகிய பிள்ளை, ஒரு நாள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான்.

எபேசு பட்டணத்தில் பவுல் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் போதித்தார். அங்கு வளர்ந்த சபையில் உழைப்பு இருந்தது, பொறுமை இருந்தது, கள்ளப் போதகரைக் கண்டறியும் தெளிவும் இருந்தது. ஆனால் ஆண்டவர், அவர்கள் தொடக்கத்தில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அவர் கட்டளையிட்ட ஒழுங்கைக் கவனியுங்கள். முதலாவது, எங்கிருந்து விழுந்தார்கள் என்பதை நினைக்க வேண்டும். அதன் பின்னரே மனந்திரும்புதலும், ஆதியில் செய்த கிரியைகளும் வருகின்றன. நினைவுகூராதவன் எதைவிட்டுத் திரும்புவான்?

முதல் பிழையைத் திருத்தியதும் மாணவர் மீண்டும் கம்பைலரை இயக்குகிறார். பல செய்திகள் மறைந்துவிடுகின்றன. மீதியிருப்பவற்றிலும் அவர் முதலாவதையே எடுக்கிறார். வீட்டின் காயங்கள் ஒரே நாளில் ஆறுவதில்லை. அவற்றையும் இப்படி ஒவ்வொன்றாகவே ஆண்டவரிடம் கொண்டுவர வேண்டும்.

இந்த வாரம் உங்களைத் துக்கப்படுத்தும் ஒரு பிணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் மேல்வரியில், “இதற்கு முன் என்ன நடந்தது?” என்ற கேள்விக்கு உண்மையான விடையை எழுதுங்கள். அப்படியே மேலே ஏறிச் செல்லுங்கள். முதல் வரியில் உங்கள் பெயரே இருந்தால் அஞ்ச வேண்டாம். எபேசுவுக்கு அதைக் காட்டியவர், திரும்பும் வழியையும் காட்டினார். அன்று மாலையே உங்கள் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் இருதயங்களை ஆராய்கிற தேவனே, நாங்கள் பிறர்மேல் சாட்டும் குற்றங்களுக்கு முன்னே மறைந்திருக்கும் எங்கள் குறையைக் காண எங்களுக்கு உதவி செய்யும். எங்கள் வீடுகளில் ஆதி அன்பைத் திரும்பத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.