கடனில் வளர்ந்த பூங்கா

பெர்லினிலிருந்து கோட்புஸ், அங்கே ரயில் மாறி வைஸ்வாசர், பிறகு பஸ். பாட் முஸ்காவுக்குப் போகும் வழி இதுதான். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், நைசே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். அக்கரை போலந்து.

முஸ்கா ஜமீன் 1811இல் ஹெர்மன் ஃபோன் பியூக்லர் கைக்கு வந்தது. நம்மூர் ஜமீன்தார் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவர் புது ஆளாகத் தெரியமாட்டார். குதிரை, சூதாட்டம், பெண்கள், கடன் எல்லாம் உண்டு. ஆனால் பணத்தை அழித்ததில் பெரும்பங்கு மண்ணிலும் மரத்திலும் போயிற்று. இங்கிலாந்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், 1815இல் பூங்காவுக்கு நிலம் தரும்படி ஊராரிடம் கேட்டார். நிலத்தை வாங்கினார், நைசேயிலிருந்து கால்வாய் வெட்டி அரண்மனைப் பக்கம் தண்ணீரைக் கொண்டுவந்தார், வளர்ந்த பெரிய மரங்களை வேரோடு பெயர்த்து வண்டியில் ஏற்றிவந்து நட்டார். கன்று நட்டுக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை.

பணம் கரைந்தது. அதற்கு அவரும் மனைவி லூசியும் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. லூசி, பிரஷ்யாவின் முதலமைச்சர் ஹார்டன்பெர்க்கின் மகள். கணவரைவிட ஒன்பது வயது மூத்தவர். இருவரும் பேசிவைத்துக்கொண்டு 1826இல் விவாகரத்து செய்தார்கள். பியூக்லர் இங்கிலாந்து போய் ஒரு பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்வது, அந்தச் சீதனத்தில் பூங்காவை முடிப்பது என்று திட்டம். பெண் தேடிய இடத்திலிருந்து, விவாகரத்தான மனைவிக்கே ஓயாமல் கடிதம் எழுதினார். பெண் அமையவில்லை. ஊர் திரும்பியதும் அந்தக் கடிதங்களை, செத்துப்போன ஒருவரின் கடிதங்கள் என்ற பெயரில், ஆசிரியர் பெயரில்லாமல் புத்தகமாகப் போட்டார்கள். சக்கைப்போடு போட்டது. வராத சீதனத்துக்குப் பதிலாகப் புத்தகப் பணம் வந்தது. அதுவும் போதவில்லை. 1845இல் முஸ்காவை விற்றுவிட்டு, கோட்புஸ் அருகே பிராநிட்ஸில் இன்னொரு பூங்காவைத் தொடங்கினார். 1871இல் இறந்தபோது, அங்கே ஏரி நடுவே மண்ணால் எழுப்பிய பிரமிடில் அவரைப் புதைத்தார்கள்.

இவரை வெறும் வேடிக்கை மனிதராக நினைத்துச் சிரித்துவிட என்னால் முடியவில்லை. 1837இல் அடிமைச் சந்தை ஒன்றில் எத்தியோப்பியச் சிறுமி ஒருத்தியை விலை கொடுத்து வாங்கினார். மக்பூபா என்று பெயர். ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்தார், 1840இல் முஸ்காவில் நோயில் இறந்தாள். கல்லறை இந்த ஊரிலேயே இருக்கிறது. பூங்காவின் அழகைப் பேசுகிறவர்கள் இவளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அழகு என்று சொன்னேன். நம் ஊரில் பூங்கா என்றால் பாத்தி கட்டிய பூச்செடி, ஒரு நீரூற்று, சுற்றிலும் இரும்பு வேலி. இங்கே அரண்மனையை ஒட்டித்தான் பூக்கள். தள்ளிப் போனால் புல்வெளி, தனித்து நிற்கும் ஓக் மரம், பத்துப் பதினைந்து மரங்கள் கூடிய ஒரு கொத்து. பாதை நேராகப் போவதே இல்லை. ஒரு வளைவில் மரங்கள் மறைக்கின்றன. நான்கு எட்டு வைத்ததும் விலகி, ஆற்றுக்கு அந்தப்பக்கம் மேட்டில் ஒரு புல்வெளி தெரிகிறது. அதற்குள் அடுத்த மரம் வந்து மூடிவிடுகிறது. தற்செயலாகப் படுகிற இந்தக் காட்சி ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு வைத்தது.

1945இல் இந்தக் கணக்கு குலைந்தது. போர் முடிகிற நேரத்தில் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. நைசே எல்லைக்கோடானது, ஒரே பூங்கா இரண்டு நாட்டுக்குப் பிரிந்தது. போலந்துப் பக்கம் காடு மண்டியது. கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை மரச்சுவராக நின்ற காலம் நாற்பது ஆண்டுக்கு மேல். 1980களின் கடைசியில்தான் இரு நாட்டு நிபுணர்களும் சேர்ந்து, பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். வேலை என்றால் பெரும்பாலும் வெட்டுவது. மரம் நடுவதையே புண்ணியமாகச் சொல்லிக் கேட்ட காதுக்கு இது உறுத்தலாம். வெட்டாமல் விட்டால் அந்தக் காட்சிகள் சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என்பது, அக்கரையில் அரிவாளோடு முளைகளைக் கழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

ஆற்றின் குறுக்கே இருந்த இரட்டைப் பாலத்தை 2003இல் திரும்பக் கட்டினார்கள். மறு ஆண்டு யுனெஸ்கோ, 559.9 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பூங்காவை இரு நாடுகளின் பொதுச் சொத்தாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2007 டிசம்பரில் நிரந்தரப் பாஸ்போர்ட் சோதனையும் நின்றது. இக்கரையில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கம்பம். அக்கரையில் வெள்ளை, சிவப்புக் கம்பம். எல்லை என்பதற்கு அடையாளம் அவ்வளவே.

வருகிறவர்களில் பலர் புதுப்பித்த அரண்மனை முன் படம் எடுத்துக்கொண்டு, பியூக்லர் பெயரில் விற்கிற மூவர்ண ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஐஸ்கிரீம் சுமார்தான். நீங்கள் போனால் பாலம் தாண்டி நடங்கள். பூங்காவின் பெரும்பகுதி போலந்துப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு கரையிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது.