இரண்டாம் தடவை

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் உயிரியல் ஆசிரியரிடம் யாரும் பாடச் சந்தேகம் கேட்பதில்லை. "இன்னொரு தடவ எடுக்கட்டுமா சேர்?" என்பதுதான் கேள்வி. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கான பதில் பிள்ளையோடு முடிவதில்லை. கொழுந்துச் சம்பளத்தில் இன்னொரு வருடம் ஓடுமா என்று வீடே யோசிக்க வேண்டும். அதனால் தைரியம் சொல்வதற்கு முன் கணக்குப் பார்க்கிறேன்.

முதலில் பார்ப்பது இரசாயனவியல் பெறுபேற்றை. பயோ பிரிவுப் பிள்ளைகள் பலர் உயிரியலைத் தனியாக உட்கார்ந்து வாசித்தே 'பி' எடுத்துவிடுவார்கள். இரசாயனவியலும் பௌதிகவியலும் அப்படி வசப்படுவதில்லை. நல்ல வகுப்புத் தேடிக் கண்டிவரை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகம் பார்ப்பதோ மூன்று பாடங்களின் சராசரி இசட் புள்ளியை. போன தடவை வாங்கிய உயிரியல் 'பி'யை எடுத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. மூன்றையும் ஒரே அமர்வில் எழுத வேண்டும். இசட் புள்ளி அந்த வருடம் எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவதால், வினாத்தாள் இலகுவாக இருந்து எல்லோருக்கும் பத்துப் புள்ளி கூடினால் நமக்குக் கூடிய பத்தால் பயனில்லை.

அடுத்து, பழைய வினாத்தாள் ஒன்றை என் முன்னால் எழுதச் சொல்வேன். முதலாம் பத்திரத்தின் ஐம்பது பல்தேர்வு வினாக்களில் தடுமாறினால் அறிவிலேயே ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க நாளாகும். இரண்டாம் பத்திரத்தில் மட்டும் புள்ளி சரிந்தால் குறை எழுத்தில். கவ்வாத்து வெட்டிய தேயிலை ஏன் பக்கவாட்டில் தளிர்க்கிறது என்பது தோட்டத்துப் பிள்ளைக்குப் பார்த்துப் பழகிய விஷயம். ஆனால் உச்சியரும்பு நீங்கியது, அங்கிருந்து வந்த ஒட்சின் குறைந்தது, உச்சியாட்சி தளர்ந்தது, கக்க அரும்புகள் வளர்ந்தன என்று படிப்படியாக எழுதினால்தான் புள்ளித்திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி விழும். இந்தப் பழக்கத்தைச் சில மாதங்களில் கொண்டுவந்துவிடலாம்.

கையில் இருப்பதும் சில மாதங்கள்தான். 2024 பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பரிலேயே தொடங்கியது. வெட்டுப்புள்ளிகள் பெறுபேறு வந்து மாதங்கள் கழித்தே வெளியாகும். அதுவரை காத்திருந்தால் படிக்கும் காலம் போய்விடும். ஆகவே முந்தைய வருட வெட்டுப்புள்ளியை வைத்தே முடிவெடுக்கிறோம். அதிலும் நுவரெலியா மாவட்டத்துக்கான நிரலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கொழும்பு நிரலைப் பார்த்து மனமுடைந்து வருகிற பிள்ளையிடம் நமது நிரலைக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

வெட்டுப்புள்ளிக்கும் பிள்ளையின் இசட் புள்ளிக்கும் இடைவெளி சிறியதாக இருந்து, அது எழுத்தாலோ ஒரு பாடத்தாலோ வந்ததாக இருந்தால் எழுது என்பேன். மூன்று பாடமும் சேர்ந்து இழுத்திருந்தால் மருத்துவ பீடக் கனவை விட்டு மற்ற வாசல்களைப் பேசுவோம்: யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பம், தாதியர் பயிற்சி, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் தோட்டப் பாடசாலைகளுக்குக் கடைசி வாசல் வழியாகப் போகிறவர் பெரிய உதவி. இவற்றிலும் போட்டி உண்டு; அதனால் மறுபடி எழுதுகிற பிள்ளையும் இவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது விதி. மூன்றையும் செலவழித்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இரசாயனவியல் யாரிடம், வாரத்தில் எத்தனை நாள், பஸ் காசு யார் தருவது? இதற்குப் பிள்ளையும் வீடும் ஒரே பதிலைச் சொன்னால் தனியார் பரீட்சார்த்தியாக விண்ணப்பத்தைப் போடலாம்.