உறைகுளிரும் ஓர் எஞ்சினும்

வின்னிபெக் நகரத்துக் கார்கள் பலவற்றின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். மின்கார்கள் பெருகிவரும் இந்நாளில் புதிதாக வருகிறவர் அதைக் கண்டு வேறாக எண்ணிக்கொள்ளக்கூடும். அது வண்டியை ஓட்டுவதற்கான மின்சாரம் அன்று. எஞ்சின் உறைந்துபோகாமல் காப்பதற்கானது. பிளாக் ஹீட்டர் என்பார்கள். எல்லைக்கு அப்பால், வட டகோட்டாவில், ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இத்தகைய சூடேற்றி ஒன்றுக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். சனவரி மாத இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20ஐத் தொடுகிற ஊர் இது. மைனஸ் 30 வந்தால் அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.

அந்தக் குளிரில் எஞ்சினுக்குள் என்ன நேர்கிறது என்பதை நாங்கள் இங்கு வந்தபிறகே அறிந்துகொண்டோம். எண்ணெய் தேன்போலக் கெட்டிப்படுகிறது. பேட்டரியின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக வலு தேவைப்படும் அதே நேரத்தில், அந்த வலுவைத் தரவேண்டியது சோர்ந்து கிடக்கிறது. பெட்ரோலும் எளிதில் ஆவியாக மறுக்கிறது. ஆகவே எஞ்சின் தனக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக எரிபொருளை வாங்கிக்கொள்கிறது.

எங்கள் வீட்டுப் பெரியவர் உதகையிலிருந்து முதன்முறையாகக் குளிர்காலத்தில் வந்திருந்தார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. முப்பதாண்டுகள் அம்பாசிடர் ஓட்டியவர். உறைபனி படியும் மார்கழி விடியல்களில் சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் உறுமல் அடங்கிச் சீராகும்வரை ஒரு காப்பி குடித்துவிட்டு வருவது அவருடைய முறை. “இருபது நிமிஷமாவது ஓடணும் மாப்பிள்ளை, பச்சை எஞ்சினை விரட்டக்கூடாது” என்றார்.

அவர் சொன்னது பிழையன்று. அது கார்புரேட்டருக்கு உரிய ஞானம். குளிரில் எவ்வளவு பெட்ரோலை எவ்வளவு காற்றோடு கலப்பது என்று தானே கணிக்கும் திறன் கார்புரேட்டருக்கு இல்லை. ஓட்டுகிறவர்தான் சோக்கைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும், பொறுத்திருக்கவும் வேண்டும். 1990களின் தொடக்கத்திலேயே வட அமெரிக்கப் புதிய கார்களில் ஏறக்குறைய அனைத்திலும் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. உணரிகள் வெப்பத்தை அளந்து கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. சும்மா நின்று உறுமும் எஞ்சின் மிக மெதுவாகவே சூடாகிறது. அந்த நேரமெல்லாம் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. பொத்திப் பொத்தி வைப்பதாக நினைத்துத் தேய்மானத்தைக் கூட்டுகிறோம். கியர்ப்பெட்டியும் சக்கரத்து பேரிங்குகளும் நின்ற இடத்தில் சூடாவதே இல்லை. அவற்றுக்கு ஓட்டம் வேண்டும்.

முறையான வழி எளியதுதான். எஞ்சினைக் கிளப்பி அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம். பிறகு ஐந்து, பத்து நிமிடங்களுக்கு வேகம் காட்டாமல் மெல்ல ஓட்டவேண்டும். மைனஸ் 15க்குக் கீழே போனால், புறப்படுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பு பிளாக் ஹீட்டர் இயங்கத் தொடங்கும்படி டைமர் வைத்துவிடலாம். இரவு முழுதும் மாட்டிவைப்பது மின்கட்டணத்துக்குத் தரும் தானம். எண்ணெயும் 0W அல்லது 5W வகையாக இருக்கவேண்டும். அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அரை நிமிட விதியைச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது எங்கள் எண்ணம்: கண்ணாடியில் பனி ஒட்டியிருக்க, ஓர் அங்குலத் துளை வழியே எட்டிப்பார்த்துக்கொண்டு சாலையில் இறங்கலாகாது. சுரண்டி எடுக்க ஆகும் நேரம் ஆகட்டும்.

இவையெல்லாம் பணமும் பக்குவமும் சார்ந்தவை. பெரியவரோடு வாதிடாமலேயே விட்டிருப்போம். ஆனால் அவர் வண்டியைக் கிளப்பி வைக்க விரும்பிய இடம், வீட்டோடு ஒட்டிய கராஜ். குழந்தையின் அறை அதற்கு நேர்மேலே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. கதவைத் திறந்துவைத்தாலும் கராஜிலிருந்து வீட்டுக்குள் கசியும். உதகையில் அவருடைய வண்டி திறந்த தாழ்வாரத்தில் நின்றது; அங்கே இந்த அச்சத்துக்கே இடமில்லை.

“அப்பா, இதுல மட்டும் நீங்க எங்க பேச்சைக் கேக்கணும்” என்று மகள் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. முப்பதாண்டு அனுபவத்தை ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றியிருக்கலாம். இரண்டு நாள் காரைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. பிறகு, 2016 சனவரிப் பனிப்புயலின்போது நியூ ஜெர்சியின் பசாயிக் நகரில் நடந்ததை அவருக்குச் சொன்னோம். திறந்தவெளியில்தான். தந்தை வண்டியைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டிருந்தார். தாயும் பிள்ளைகளும் கதகதப்புக்காக உள்ளே அமர்ந்திருந்தனர். புகைக்குழாய் பனியில் அடைபட்டிருந்தது. அவர்கள் பிழைக்கவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார்.

மறுநாள் எட்டங்குலம் பனி கொட்டியிருந்தது. நாங்கள் இறங்கிப் போகும்போது வாசலில் எங்களுக்கு முன்பே மண்வாரியோடு நின்றிருந்தார், காதுமூடிய குல்லாவும் அளவு பெரிதான பூட்சுமாக. கண்ணாடியைத் தொடவில்லை. வண்டியின் பின்புறம் குனிந்து, புகைக்குழாயைச் சுற்றி இரண்டடிக்குப் பனியை வாரிக் கொட்டியிருந்தார். எதிர்வீட்டு உக்ரேனியக் கிழவரின் காரிலும் அதையே செய்துவிட்டு, அந்த மனிதர் விழித்தெழுந்து வருவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.