இரண்டு கடலுக்கும் ஒரே தலைமடை

தெற்கு பிரான்ஸின் மிதி கால்வாய்க் கரையில் சைக்கிள் விடுகிறவர்கள் பெரும்பாலும் துலூஸ் நகரில் கிளம்பிக் கிழக்கே போவார்கள். வடமேற்கிலிருந்து வீசும் செர்ஸ் காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். மொத்தம் 240 கிலோமீட்டர்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் நல்ல தார்ப்பாதை. ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. லாக் வரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு. படகை இரண்டு கதவுகளுக்கு நடுவே நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் கல்தொட்டிதான் லாக். இங்கே அதன் பக்கச் சுவர்கள் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருக்கும். தொடக்கத்தில் நேராகக் கட்டிய சுவர் மண்ணின் நெருக்கலில் சரிந்ததால் செய்த ஏற்பாடு. காவலர் வீட்டுச் சுவரில் பலகை: முந்தைய லாக் எத்தனை மீட்டர், அடுத்தது எத்தனை மீட்டர்.

நொரூஸ் மேட்டில் கட்டாயம் இறங்க வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் 189 மீட்டர், கால்வாயின் உச்சி. அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் ஆசை அரசர்களுக்கு நெடுநாளாக இருந்தது. பள்ளம் தோண்ட ஆளுக்கா பஞ்சம்? மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். வழி சொன்னவர் உப்பு வரி வசூலித்த பியர்-பால் ரிக்கே. கருமலை ஓடைகளை மறித்து, சான் ஃபெரியோலில் ஏரி கட்டி, வாய்க்கால் வெட்டி இங்கே கொண்டுவந்தார். 14ஆம் லூயி 1666இல் அனுமதி தந்தார். மரநிழலில் வரும் அந்த ஒல்லி வாய்க்காலின் தண்ணீர் இன்றும் இங்கே பிரிந்து, பாதி மேற்கே, பாதி கிழக்கே போகிறது. முழுக் கால்வாயையும்விட எனக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

அடுத்து காஸ்டெல்நொதாரி. வாத்துக்கறியும் மொச்சை மாதிரியான வெள்ளைப் பயறும் சேர்ந்த கஸுலே இந்த ஊர்ச் சாப்பாடு. மதியம் அதைத் தின்றால் சைக்கிளை மறந்துவிடலாம். கார்காசோன் கோட்டையைப் படத்தில் பார்க்காதவர் இல்லை, தாண்டிப் போவோம்.

இனி பல இடங்களில் மண்பாதை, வேர் தட்டும். 42,000 பிளேன் மரங்கள் நின்ற கரை இது. 2006இல் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. புதுக் கன்றுகளுக்கு நடுவே வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது.

ஆர்ஜானிலிருந்து பெசியே வரை 54 கிலோமீட்டருக்கு லாக்கே கிடையாது. மட்டம் தவறாமலிருக்கக் கால்வாய் ஒவ்வொரு குன்றையும் சுற்றிப் போகிறது, நாமும் கூடவே சுற்றுகிறோம். சுற்ற வழியில்லாத மல்பா குன்றை மட்டும் 1679இல் குடைந்தார்கள். பெசியேயில் ஃபோன்செரான் படிக்கட்டு லாக்குகள் படகுகளை 21 மீட்டர் இறக்குகின்றன. ரிக்கே பிறந்த ஊர் இதுதான். மழை நாளிலும் ஞாயிறன்றும் கூலி கொடுத்தவர், கடனோடு 1680இல் இறந்தார். அடுத்த மே மாதம் கால்வாய் திறந்தது.

தோ காயலில் கால்வாய் முடிகிறது. ஒருபுறம் சிப்பிப் பண்ணை, மறுபுறம் கடல் என்று மணல்திட்டில் இன்னும் கொஞ்சம் மிதித்தால் சேத் துறைமுகம். கடைமடையான இந்தத் துறைமுகத்துக்குத்தான் முதல் கல் வைத்தார்கள், 1666 ஜூலையில். கால்வாய் வெட்ட மண்வெட்டி விழுந்தது அதற்குப் பிறகு.